பெரினின் வலது கை

பாரிஸ், மே 15

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் இருமல் குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை. அத்தையின் பால் கடையில் காலையில் பால் கஞ்சி, சாயங்காலம் முட்டைக்கோஸ் சூப். வாடிக்கையாளர்களுக்கு ஊற்றுவதைவிட எனக்கு ஒரு கரண்டி அதிகம். அதை எல்லோர் முன்னாலும் சொல்லிக்காட்டியபடியேதான் ஊற்றுகிறார்.

ஓவியப் பள்ளியின் ரோம் பரிசுக்கான கடைசிப் போட்டியில் பத்துப் பேரை எடுத்தார்கள். நானும் ஒருவன். நேற்று விடியற்காலையில் எங்களைக் கூடத்தில் நிறுத்திப் படத்துக்கான கதையை வாசித்தார்கள். ஆர்கோஸ் நகரத்தில் ஒரு பூசாரிப் பெண். அவள் திருவிழாவுக்குப் போக வேண்டிய வண்டிக்கு மாடு வந்து சேரவில்லை. அவளுடைய இரண்டு மகன்களும் நுகத்தைத் தங்கள் தோளில் வைத்து அவளைக் கோவில்வரை இழுத்துப் போகிறார்கள். என் பிள்ளைகளுக்கு மனிதருக்குக் கிடைப்பதிலேயே மிக நல்லதைக் கொடு என்று அவள் தேவியிடம் கேட்கிறாள். பிள்ளைகள் கோவிலிலேயே படுத்துத் தூங்குகிறார்கள். பிறகு எழவில்லை.

சாயங்காலத்துக்குள் சிறிய அளவில் முன்வரைவு முடிக்க வேண்டும். என்னுடையதில் தாய் நடுவில் நிற்கிறாள். இரண்டு கைகளையும் மேலே தூக்கியிருக்கிறாள். பிள்ளைகள் அவள் காலடியில். அதன்மேல் மெல்லிய தாளை வைத்துப் படி எடுத்து, முத்திரையிட்டுப் பூட்டிவிட்டார்கள். இனிக் கோடை முழுவதும் ஆளுக்கொரு அறையில் பகலெல்லாம் அடைந்து, அதே படத்தைப் பெரிய துணியில் தீட்ட வேண்டும். நிறமும் நிழலும் மாறலாம். உருவங்களின் நிலை மாறக்கூடாது. முடிவில் அந்தத் தாளை எடுத்துவந்து ஒப்பிடுவார்கள். ஒரு கையோ காலோ இடம் மாறியிருந்தால் போட்டியில் இடமில்லை.

பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் சீட்டுக் குலுக்கலில் எனக்கு வந்த எண்ணை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பரிசு வாங்கியவனைப் பட்டாளம் தொடாது. வாங்காவிட்டால் அக்டோபரில் என்னைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். இப்போது கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் ஆப்பிரிக்காவுக்குத்தான் போகிறார்கள்.

ஒரு உதவி வேண்டும். இங்கே நாங்கள் பார்த்து வரையக் கூலிக்கு நிற்கும் பெண்களின் கைகள் பளபளவென்று இருக்கின்றன. பிள்ளை பெற்று வளர்த்த கையாகத் தெரியவில்லை. அம்மாவின் வலது கையை வரைந்து அனுப்புங்கள். அறைக்குள் எதையும் எடுத்துப்போக விடமாட்டார்கள். வாசலில் காவலர் பையைத் தடவிப் பார்க்கிறார்.

"என்ன தம்பி, பையில?"

"ரொட்டி."

"ரொட்டிக்குள்ள?"

"இன்னும் கொஞ்சம் ரொட்டி."

வீட்டில் வைத்துப் பார்த்து மனதில் ஏற்றிக்கொண்டு போவேன். தலைக்குள் கையை விட்டு அவரால் தடவ முடியாது.

அம்மாவைக் கடிதத்தின் அடியில் வழக்கம்போலச் சிலுவைக் குறி போடச் சொல்லுங்கள். இருவருக்கும் என் முத்தங்கள்.

உங்கள் மகன்,
சில்வேன்


சோமூர், மே 29

உர்சுல்,

உன் முழங்கால் வலி விட்டிருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

பெரின் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை காலையில். இருமல் நெஞ்சில் இறங்கிக் காய்ச்சலாயிற்று. சனிக்கிழமை அடக்கம் செய்தோம். மழை பெய்தது. குழியில் தண்ணீர் நின்றதால் வெட்டியான் கொஞ்சம் காத்திருக்கச் சொன்னான், காத்திருந்தோம். குதிரைப்படைத் தளபதியின் வண்டிக் கதவு பட்டறையில் பாதி வார்னிஷோடு கிடந்தது. பாதியில் விட்டால் கோடு விழுந்துவிடும். அதனால் திரும்பி வந்து அதை முடித்தேன்.

சில்வேனிடம் சொல்லாதே. இதை நான் யோசிக்காமல் சொல்லவில்லை. தெரிந்தால் தூரிகையைப் போட்டுவிட்டு அடுத்த வண்டியில் ஏறிவிடுவான். வந்தால் திரும்பிப் போகமாட்டான். போனாலும் கை ஓடாது. அக்டோபரில் அவனைக் கப்பலில் ஏற்றிவிடுவார்கள். வெட்டியான் மகன் ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பி வந்திருக்கிறான், காய்ச்சலில் காது கேட்காமல். திரும்பி வந்தவன் அவன் ஒருவன்தான். தீர்ப்பு செப்டம்பரில். அப்போது சொன்னாலும் பெரின் இதே அளவுதான் இறந்திருப்பாள்.

அவளுடைய கையை வரைந்து அனுப்பச் சொல்லி அவன் கேட்டிருந்தான். கடிதம் வந்தபோது அவளுக்குக் கேட்கிற நிலை இல்லை. தச்சன் பெட்டி கொண்டுவரும் முன் நேரம் இருந்தது, வரைந்துவிட்டேன். சிவப்புச் சுண்ணக்கட்டியில். நன்றாக வந்திருக்கிறது.

நீ கறுப்பு உடுத்தாதே. கடையில் யாரிடமும் பேசாதே. உனக்கு வாய் நிற்காது என்று தெரியும், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் அண்ணன்,
மத்துரேன்


சோமூர், மே 30

சில்வேன்,

உன் கடிதம் கிடைத்தது. பத்துப் பேரில் ஒருவனாக வந்தது சரி. ஒன்பது பேர் இன்னும் இருக்கிறார்கள் என்பதை மறக்காதே.

இங்கே நல்ல மழை. லுவார் ஆறு பாலத்தின் இரண்டாம் படிவரை ஏறியிருக்கிறது. தளபதியின் வண்டிக்கு அவருடைய குடும்பச் சின்னம் எழுதினேன். மூன்று நாரைகள். அவருக்கு நாரையின் கழுத்து போதவில்லையாம், இன்னும் நீளம் வேண்டுமாம். நாரைக்கு அவ்வளவுதான் கழுத்து என்று சொல்லிவிட்டேன்.

அம்மாவின் இருமல் நின்றுவிட்டது. அமைதியாக இருக்கிறாள். நீ கேட்ட கை இத்துடன் இருக்கிறது.

வார்னிஷ் காயாத கதவில் கையை வைத்துவிட்டு இதை எழுதுகிறேன், தாள் கறையானதற்கு அதுதான் காரணம். நன்றாகச் சாப்பிடு.

அப்பா


பாரிஸ், ஜூன் 12

அண்ணா,

சுகமா என்று எழுதவே கை வரவில்லை. இருந்தாலும் கேட்கிறேன், சாப்பிடுகிறாயா? யார் சமைக்கிறார்கள்?

உன் கடிதத்தைக் கொல்லையில் உட்கார்ந்து படித்தேன். பெரின் உன்னைக் கட்டிக்கொண்டு வந்தபோது எனக்கு ஏழு வயது. எனக்குத் தலை வாரிவிட்டவள் அவள்தான். எனக்கு அழக்கூட நீ இடம் வைக்கவில்லை. கறுப்பு நாடா ஒன்றை உள்பாவாடையில் தைத்துக்கொண்டேன். அதையும் அவிழ்க்கச் சொல்லி எழுதிவிடாதே.

அன்று சூப்பில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன். சில்வேனின் கூட்டாளி கஸ்பார் என்று ஒருவன், எப்போதும் வாயைக் கிண்டுகிறவன். "என்ன மாமி, கடலையே கொண்டாந்து காய்ச்சிட்டீங்களா?" என்றான். "குடிக்கறதுன்னா குடி, இல்லன்னா கிண்ணத்தை வை" என்றேன்.

நீ அவனுக்கு எழுதிய கடிதம் வந்தபோது பையன் கல்லாப் பக்கத்தில் நின்றே பிரித்தான். கடிதத்தைப் படித்தான். தாளைத் திருப்பி அடியைப் பார்த்தான். பிறகு படத்தை வாசலுக்கு எடுத்துப் போய் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றான். மூன்று பேர் அவனை இடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள், அவன் நகரவில்லை.

"அப்பா நல்லா வரைஞ்சிருக்காரு அத்தை" என்றான்.

"அப்படியா?"

"ஆமா. அம்மா இவ்வளவு நேரம் சும்மா இருக்க மாட்டாங்களே. எதையாவது தேய்ச்சிட்டே இருப்பாங்க."

"உடம்பு முடியாம இருந்தாங்கல்ல. ஒரே இடத்துல படுத்திருப்பாங்க" என்றேன்.

"ஆமா. அதான்" என்றான். கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுத்தான் போனான்.

படத்தைக் கட்டிலுக்கு நேரே சுவரில் குத்தி வைத்திருக்கிறான். படுக்கை விரிப்பு மாற்றப் போகும்போது நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

அண்ணா, இது எத்தனை நாளைக்கு? நான் சொல்லிவிடட்டுமா?

உர்சுல்


சோமூர், ஜூன் 25

உர்சுல்,

உன் முழங்காலைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. சாப்பிடுகிறேன். நானே சமைக்கிறேன். உருளைக்கிழங்கு வேகவைக்க யாரும் கற்றுத் தர வேண்டியதில்லை.

சொல்லாதே. இதற்கு மேல் இந்தக் கேள்வியை எழுதாதே.

பங்குச் சாமியார் பட்டறைக்கு வந்தார்.

"மத்துரேன், பையனுக்கு எழுதினியா?"

"எழுதினேன் சாமி."

"என்னன்னு?"

"நாரைக் கழுத்தைப் பத்தி."

"அவன் தாய்க்காக ஒரு பூசை கேட்கக்கூட அவனுக்கு வழியில்லாம பண்ணிட்ட."

"பூசை செப்டம்பர்ல வைச்சா ஆண்டவர் வேணாம்னுடுவாரா?"

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். இதே சாமியார்தான் என் புனித ரோக் படத்தைக் கோவிலிலிருந்து இறக்கியவர். புனிதர் பக்கத்தில் நிற்கும் நாயின் கால் கட்டில் கால் மாதிரி இருக்கிறதாம். அந்த இடத்தில் பாரிஸ் பள்ளியில் படித்த ஒருவன் வரைந்த படம் தொங்குகிறது. அதில் நாய்க்கு மனிதனுடைய கண். முழந்தாளிடும் பெண்கள் அதைப் பார்த்து உருகுகிறார்கள். என் படம் பூசை உடுப்பு வைக்கும் அறையில் சுவர் பார்த்துச் சாத்தி இருக்கிறது. எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை என்பதை அந்த ஒரு காலுக்காக ஊர் முழுக்கப் பேசினார்கள்.

அதனால் சொல்கிறேன். பட்டாளத்துக்கு மட்டும் பயந்து இதைச் செய்யவில்லை. அவர்களுடைய பரிசை அவர்களுடைய சட்டப்படியே என் வீட்டுப் பையன் வாங்க வேண்டும். பிறகு ஊரில் ஒருவனும் கால் பற்றி வாய் திறக்கக் கூடாது.

பெரினின் உடுப்புகளையும் கம்பளியையும் பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள், கொடுத்துவிட்டேன். பெட்டி காலியாக இருந்தது, அதில் நிறப்பொடிகளை வைத்தேன்.

மத்துரேன்


பாரிஸ், ஜூலை 8

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு என் முத்தங்கள். எனக்கு உடம்பு சரியாகவே இருக்கிறது. வெயிலில் அறை அடுப்பு மாதிரி கொதிக்கிறது. எண்ணெய் வாசனை ரொட்டியில் ஏறிவிடுகிறது.

வேலை ஓடுகிறது. பிள்ளைகள் இருவரையும் முடித்துவிட்டேன். தூங்குகிறார்களா, இறந்துவிட்டார்களா என்று தெரியாதபடி தீட்டச் சொன்னார்கள். அது கடினமாக இல்லை. தாயோடுதான் நிற்கிறேன்.

தாய்க்கு நிற்பவள் நேப்பிள்ஸ்காரி. கைகளைத் தூக்கியபடி நெடுநேரம் நிற்க முடியாது என்பதால் கூரையிலிருந்து இரண்டு கயிறு தொங்கவிட்டிருக்கிறது, அவற்றைப் பிடித்துக்கொள்வாள். நேற்றுக் கேட்டாள்:

"ஏம்பா, இந்த அம்மா சாமிகிட்ட என்னதான் கேட்டா?"

"பிள்ளைகளுக்கு எது நல்லதோ அதைக் குடுன்னு."

"குடுத்துச்சா?"

"ரெண்டு பேரையும் எடுத்துக்கிச்சு."

"அப்ப நான் கையை இறக்கிக்கலாமா?"

இறக்கினாள். கயிற்றை விட்டதும் கை தானாக விழுகிறது. அவள் தூக்கி நிற்பதைவிட விழுந்த கை பார்க்க நன்றாக இருக்கிறது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று வேலை ஒன்றும் நடக்கவில்லை.

நீங்கள் அனுப்பிய கையை நாள்தோறும் பார்க்கிறேன். ஒன்று கேட்க வேண்டும். அதை வரைந்தபோது சன்னல் எந்தப் பக்கம் இருந்தது? விரல்களின் கீழே நிழல் இல்லை, அதனால் கேட்கிறேன்.

அம்மாவைத் தொந்தரவு செய்ய வேண்டாம். சிலுவைக் குறி போடாவிட்டாலும் பரவாயில்லை.

சில்வேன்


சோமூர், ஜூலை 21

சில்வேன்,

உன் கடிதம் வந்தது. இங்கே யாருக்கும் குறை இல்லை. ஆறு இறங்கிவிட்டது, மணல் திட்டு தெரிகிறது. செர்ரிப் பழம் இந்த வருஷம் பறவைக்குத்தான்.

சன்னல் இடது பக்கம். பின் அறையில் வைத்து வரைந்தேன். கை விரிப்பில் அழுந்திக் கிடந்தது, அதனால் கீழே நிழல் விழவில்லை. இருந்ததை வரைந்தேன்.

இப்போது நான் சொல்வதைக் கேள். கயிற்றை விட்ட கை நன்றாக இருக்கலாம். அது உன் முன்வரைவில் இல்லை. முன்வரைவில் கை மேலே இருந்தால் துணியிலும் மேலேயே இருக்கட்டும். உனக்கு எது சரி என்று படுகிறது என்பதை ரோமுக்குப் போன பிறகு தீட்டிக்கொள். அந்தத் தாளைக் கொண்டுவந்து வைக்கும்போது கோடு கோட்டின் மேல் உட்கார வேண்டும். வண்டிக்குச் சொந்தக்காரன் மூன்று நாரை கேட்டால் மூன்று நாரைதான் எழுத வேண்டும்.

அம்மா இதையேதான் சொல்வாள்.

அப்பா


பாரிஸ், செப்டம்பர் 10

அண்ணா,

நீ நலமாக இருந்தால் சரி. என் முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. இத்தனை வாரம் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. எழுத உட்கார்ந்தால் சொல்லக் கூடாததுதான் முதலில் வருகிறது.

பையனைப் போட்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

கஸ்பார்தான் வந்து சொன்னான். அவன் முகத்தில் கிண்டலே இல்லை. "மாமி, உங்க சில்வேனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? மொத்தக் கூடத்துலயும் அவன் படம்தான் பேச்சு. எல்லாரும் இவனுக்குத்தான்னு சொல்லிட்டிருந்தாங்க. தாளை எடுத்தாந்து வெச்சாங்க. பிள்ளைங்க சரி, தூண் சரி, அம்மாவோட இடது கை சரி. வலது கை தாள்ல மேல இருக்குது, துணில கீழ தொங்குது. கண்ணை மூடிட்டுப் போனாக்கூடக் கவனிக்காம இருக்க முடியாது மாமி. அவன் தெரிஞ்சேதான் பண்ணியிருக்கான்" என்றான்.

பையன் சாயங்காலம் வழக்கமான நேரத்துக்கு வந்தான். கை கழுவினான். உட்கார்ந்தான். நான் சூப் ஊற்றினேன்.

"ஏன்டா இப்படிப் பண்ணின?"

"தூக்கி வெச்சா பொய்யா இருந்துச்சு அத்தை."

"அப்பா அவ்வளவு சொன்னாரேடா."

"சொன்னாரு."

பிறகு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "எனக்கு ஜூன்லயே தெரியும்" என்றான். என்ன தெரியும் என்று நான் கேட்கவில்லை. அவனே சொன்னான்.

"அம்மா கையில நரம்பு கயிறு மாதிரி எழும்பி நிக்கும். படத்துல ஒரு நரம்பு இல்ல. அப்பா இல்லாததை வரைய மாட்டாரு, இருக்கறதை விடவும் மாட்டாரு. அப்ப கையில ரத்தம் ஓடலன்னுதானே அர்த்தம்."

"அப்பவே என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீங்க சொல்லிடுவீங்க. சொன்னா நான் ஊருக்குப் போகணும். போனா முடிக்க முடியாது."

"இப்ப முடிச்சு என்னடா ஆச்சு?"

"முடிச்சேன்" என்றான்.

கோடை முழுவதும் அவன் தெரியாதவன் போலச் சாப்பிட்டான், நான் தெரியாதவள் போல ஊற்றினேன். இரண்டு பேரும் ஒரே மேசையில் உனக்காக நடித்திருக்கிறோம். இப்போது கறுப்பு உடுத்தியிருக்கிறேன். வாடிக்கையாளர்கள் யார் செத்தது என்று கேட்டால், அண்ணி, மே மாதத்தில் என்கிறேன்.

படங்கள் இன்னும் இரண்டு வாரம் கூடத்தில் இருக்கும். அவனுடையதையும் மாட்டியிருக்கிறார்கள், போட்டியில் இல்லை என்று ஒரு சீட்டு ஒட்டி. வா. அவனைப் பார். பட்டாளத்திலிருந்து அவனைக் கூப்பிடும் தாள் எப்போது வேண்டுமானாலும் வரும்.

உர்சுல்


ஒர்லியான், செப்டம்பர் 24

உர்சுல்,

நீ சுகமாக இருப்பாய். ஒர்லியானில் வண்டிக்குக் குதிரை மாற்றுகிறார்கள், சத்திரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பாரிசுக்கு வந்து திரும்பிக்கொண்டிருக்கிறேன். உன் கடைக்கு வரவில்லை. தெருமுனைவரை வந்தேன். உள்ளே ஆட்கள் இருந்தார்கள்.

கூடத்தில் நல்ல கூட்டம். பரிசு வாங்கிய படத்தின் முன்னால் நான்கு வரிசை நின்றது. அதில் தாய் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, சுவரில் ஆணி தேடுகிறவள் போல நிற்கிறாள். நம்முடையது கதவுப் பக்கம், வெளிச்சம் குறைந்த இடத்தில். அதன் முன்னாலும் சிலர் நின்றார்கள். படிக்கிற பையன்கள்.

"இந்தக் கையைப் பாருடா. மீன்காரி பலகையில கெடக்கற மீன் மாதிரி."

"அம்மாகாரி வரம் கேட்கறா, கை பாதிலயே தூங்கப் போயிடுச்சு."

"யார்றா வரைஞ்சது?"

"எவனோ சோமூர்க்காரன். சரக்கு இருந்தது, தலைதான் இல்ல."

நான் அவர்களிடம் கை சரியாக இருக்கிறது என்றேன். ஒருவன் திரும்பி, "பெரியவருக்கு ஓவியம் தெரியுமோ?" என்று கேட்டான். "வண்டிக் கதவு தெரியும்" என்றேன். சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்கள்.

சாத்தும்வரை நின்றேன். இடது கை கயிற்றில் தொங்குகிற கூலிக்காரியின் கை. முகம் யாருடையதும் இல்லை. வலது கை பெரினுடையது. தோளிலிருந்து விரல்வரை ஒரு தப்பும் இல்லை. அந்தக் கூடத்தில் சரியாக இருந்தது அது ஒன்றுதான். அவன் என் பேச்சைக் கேட்கவில்லை என்பதும் தப்புதான். இரண்டையும் எழுதுகிறேன், ஒன்றுக்காக மற்றதை விட்டுத்தர மாட்டேன்.

நான் செய்தது சரியா என்று நீ கேட்கப் போகிறாய். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததை வைத்துச் செய்தேன். மறுபடி அந்த நிலை வந்தாலும் அதையேதான் செய்வேன்.

அவனைப் பார்க்காததற்குக் காரணம் கேட்காதே. பார்த்தால் அவன் ஏதாவது கேட்பான்.

குதிரை பூட்டிவிட்டார்கள்.

மத்துரேன்


தூலோன், நவம்பர் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். நான் நலம். இங்கே துறைமுகத்துக்கு மேலே உள்ள பட்டாளக் கொட்டடியில் இருக்கிறோம். காற்று திரும்பியதும் கப்பல் ஏறுவோம். உணவு பீன்ஸ். சில நாள் பீன்சில் பன்றிக்கொழுப்பு இருக்கும்.

என் தொழில் என்ன என்று சார்ஜன்ட் கேட்டார்.

"சரித்திரப் படம் வரையறவன்."

"அப்படின்னா?"

"பெரிய படம். பழைய கதை."

"எண் எழுத வருமா?"

"வரும்."

படைப்பிரிவின் மூட்டைகள் எல்லாவற்றிலும் எண் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளை நிறம், பட்டைத் தூரிகை. உங்கள் பட்டறையில் எழுதியதுபோலவே வருகிறது. சார்ஜன்டுக்கு என் ஏழு பிடித்திருக்கிறது.

நீங்கள் கூடத்துக்கு வந்துபோனதை அத்தை சொன்னார். நான் அந்த வாரமெல்லாம் கடையின் பின்கட்டில்தான் இருந்தேன். அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

அம்மாவைப் பற்றிக் கேட்க நிறைய இருக்க வேண்டும். எனக்கு இப்போது எதுவும் கேட்கத் தோன்றவில்லை. உடம்பு முழுக்க மரத்துப்போன மாதிரி இருக்கிறது. படம் தீட்டும்போதும் அப்படித்தான் இருந்தது, அதனால்தான் கை நடுங்காமல் தீட்ட முடிந்தது என்று நினைக்கிறேன்.

ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் வரைந்தபோது கை அப்படியே கிடந்ததா? அல்லது நீங்கள் வைத்தீர்களா?

பள்ளியில் நாங்கள் எதையும் வைத்துத்தான் வரைவோம். துணியின் மடிப்பைக்கூட ஊசி குத்தி நிறுத்துவோம். நீங்கள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அதை நம்பித்தான் அந்தக் கையைத் தாழ்த்தினேன். பதிலை இந்த முகவரிக்கே எழுதுங்கள். நாங்கள் போயிருந்தாலும் பின்னாலேயே அனுப்பிவைப்பார்கள்.

சில்வேன்


சோமூர், நவம்பர் 19

சில்வேன்,

உன் கடிதம் கிடைத்தது. உன் உடம்பு நன்றாக இருப்பதை அறிந்தேன். இங்கே முதல் உறைபனி விழுந்துவிட்டது. பட்டறையில் காலையில் எண்ணெய் இறுகிக் கிடக்கிறது, அடுப்புப் பக்கம் வைத்தால்தான் இளகுகிறது. உன் அத்தை எனக்கு எழுதுவதில்லை. உனக்கு எழுதினால் அவளுடைய முழங்கால் எப்படி இருக்கிறது என்று தெரிவி.

ஆப்பிரிக்காவில் கொதிக்க வைக்காத தண்ணீரைக் குடிக்காதே என்று வெட்டியான் மகன் சொல்கிறான். அவனிடம் தாளில் எழுதிக் காட்டிக் கேட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில். கை அப்படிக் கிடக்கவில்லை. நான்தான் வைத்தேன்.

உன் அம்மாவுக்குக் கடைசி இரண்டு நாள் பேச்சு இல்லை. வெள்ளிக்கிழமை விடிந்த பிறகு மூச்சு மாறியது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் சட்டைக் கையை எட்டிப் பிடித்தாள். எதற்கு என்று தெரியவில்லை. தண்ணீரா என்றேன், இல்லை. சாமியாரா என்றேன், இல்லை. உன் பெயரைச் சொன்னேன். அதற்கு இன்னும் இறுக்கினாள். பிறகு மூச்சு இல்லை. பிடி அப்படியே இருந்தது. சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் எழுந்தேன், அதை அவள் கையிலேயே விட்டுவிட்டு.

பக்கத்து வீட்டுக்காரி வந்து கழுவினாள். அதற்கு முன் உன் கடிதம் மேசையில் இருந்ததைப் பார்த்தேன். சுண்ணத்தையும் தாளையும் எடுத்து வந்து உட்கார்ந்தேன். கை சட்டையைப் பிடித்தபடி இறுக மூடி இருந்தது. இரண்டு தடவை வரைந்தேன். இரண்டு தடவையும் முள்ளங்கி மாதிரி வந்தது. கிழித்துவிட்டேன்.

நாற்பது வருஷமாகச் சத்திரப் பலகையில் வழி காட்டும் கை, கோவில் சுவரில் ஆசி கொடுக்கும் கை, வண்டிக் கதவில் பூ ஏந்திய கை எல்லாம் எழுதியிருக்கிறேன். எல்லாம் திறந்த கை. உனக்குப் பள்ளியில் கற்றுத் தந்திருப்பார்கள். எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை.

அதனால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, சட்டையை எடுத்துவிட்டு, கையை விரிப்பின்மேல் வெளிச்சம் படும்படி திருப்பி வைத்து வரைந்தேன். மூடிய கை எனக்கு வராது.

தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி.

அப்பா